கணினியில் வரையும் தேசப்படம்



கியூஜிஸ் போன்று விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்களைக் கொண்டு இன்று எவரும் கணினியில் தேசப்படம் வரையலாம். ஆயினும், கணினி நிறந் தீட்டுமேயன்றி, எதனைத் தீட்டல் தகும் என்று கூறாது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, அநுராதபுர மாவட்டத்தில் ஏறத்தாழ 860,000 மக்களும், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 584,000 மக்களும் வாழ்ந்தனர். மாணவனொருவன் இத்தொகைகளையே நிறமாக்கினான். அநுராதபுரம் கருஞ்சிவப்பாயிற்று, நெருக்கம் அங்கேயே மிகுதி என்றான். அம்மாவட்டத்தின் பரப்போ யாழ்ப்பாணத்தைப்போல் ஏழு மடங்கு. தொகையைப் பரப்பினால் வகுத்துத் தீட்டியபோது, யாழ்ப்பாணமே ஏறத்தாழ ஐந்து மடங்கு நெருக்கமுடையதெனக் கண்டான்.

ஆதலின், தொகையைக் காட்டச் சிறிதும் பெரிதுமான வட்டங்களை இடுக. அடர்த்தியைக் காட்ட நிறத்தைத் தீட்டுக. படத்தை நம்பிப் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் இடந் தெரிவோர் உளர் என்பதை மறவாதிருப்போமாக.