விளாங்குடி: வயக்காடு வார்டான கதை



திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸில் வந்த உங்களுக்கு விளாங்குடி ஒரு ஸ்டாப். எனக்கு அது வயக்காடு. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்குத் திரும்பியபின் மதுரைச் சமவெளியில் இருபோகம் கண்ட காலத்தைத் தாத்தா பெருமையாகச் சொல்வார். இன்று ஒருபக்கம் பாத்திமா கல்லூரி, ஒருபக்கம் கூடல்நகர் ரயில் நிலையம், நடுவில் பூராவும் பிளாட்டுதான். நாம் படித்துக்கொண்டிருந்த 2011-இல் எங்கள் பேரூராட்சி மாநகராட்சியில் சேர்ந்தது. மதுரையின் 72 வார்டுகள் 100 ஆயின.

நான் வரைந்த முதல் மனைப்பிரிவே எங்கள் ஊர் வயலுக்குத்தான். வறண்டு கிடந்த வாய்க்காலைத் தெருவாக்கினேன். "அது கம்மா மறுகால் போற வழிய்யா, அடைக்காத" என்றார் அப்பத்தா. லெவல் மெஷின் பார்த்தவனுக்கு அப்பத்தா பேச்சு ஏறுமா? சிரித்துவிட்டுப் போனேன். போன ஐப்பசி மழையில் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர். என் வீடும் அங்கேதான் இருக்கிறது!

வடிகால் வெட்ட மனு எழுதியிருக்கிறேன். பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டாயிற்று, எதிர்வீட்டுக்காரர்தான் பாக்கி. சிவில் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை லெவல் எடுக்க வரவேண்டும். சாப்பாடு நம்ம வீட்டில்.