கிழக்கு நடைத் தெருவும் நம் கலைச்செல்வமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

போனக்காட்டு மலைத்தோட்டத்திலிருந்து வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களே!

போனக்காடு அகத்தியர் மலையின் அடிவாரத்தில் உள்ளது. 1868 மீட்டர் உயர்ந்த அம்மலையில் தமிழ் முனிவர் வீற்றிருப்பதாக நம் முன்னோர் நம்பினர். அங்கிருந்து விதுரை, நெடுமங்காடு வழியாக இறங்கித் திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை அடைகிறோம். கோட்டை வாயிலைக் கடந்தால் பத்மநாப சுவாமி கோயிலின் கிழக்கு நடை. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் விரையும் நாம் அத்தெருவை நின்று பார்ப்பதில்லை. இன்று சற்றே நின்று பார்ப்போம்.

எதிரே நிமிர்ந்து நிற்கும் ஏழுநிலைக் கோபுரம் பாண்டி நாட்டுப் பாணியில் அமைந்தது. பத்ம தீர்த்தக் குளத்தின் அருகே குதிரை மாளிகை. அதன் கூரையைத் தாங்குவன போல் 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அதை எழுப்பிய சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) இசையின் புலவர், இசைவாணரின் புரவலர். தஞ்சையிலிருந்து பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் அவரது அவைக்கு வந்தனர். மேலைநாட்டுப் பிடிலைத் தென்னாட்டு இசைக்கு உரியதாக்கியவருள் ஒருவர் வடிவேலு. அவருக்கு மன்னர் 1834-இல் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார். தஞ்சைத் தமிழரின் விரல்கள் இத்தெருவில் நாதம் எழுப்பின என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

மாளிகையை அடுத்து நவராத்திரி மண்டபம் உள்ளது. ஒலி நன்கு பரவுவதற்காக அதன் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பத்மநாபபுரத்துச் சரசுவதி இம்மண்டபத்துக்கு எழுந்தருளுகிறாள். கம்பர் வழிபட்ட திருவுருவம் அது என்பது செவிவழிச் செய்தி. வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அவ்வூர்கள் தமிழகத்தோடு இணைந்தன. எல்லை மாறியது, ஊர்வலம் நிற்கவில்லை.

அன்பர்களே, பெருமையை மட்டும் பேசி அமர்ந்துவிட்டால் நாம் உண்மைக்குப் புறம்பானவர்கள் ஆவோம். இவ்விசை யார் செவிக்கு எட்டியது? கோயில் வாயில் நம் முன்னோரில் மிகப் பலருக்கு அடைபட்டே கிடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளிவந்த ஆலயப் பிரவேசப் பிரகடனமே அதனைத் திறந்தது. மற்றொரு கதவு அதன்பின் எழுபது ஆண்டுகள் மூடியிருந்தது. நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுதல் கூடாது என்பது வழக்கம். 2006-இல் பாறசாலை பொன்னம்மாள், எண்பது வயதைக் கடந்த நிலையில், அங்கு அமர்ந்து பாடி அவ்வழக்கத்தை மாற்றினார். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்று, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கியவர் அவர். பாட்டு அதே பாட்டு; மண்டபம் அதே மண்டபம். கலை குறைந்ததா? கேட்டவர் உள்ளம் நிறைந்தது.

கதவுகள் திறந்துவிட்டன, ஆனால் நாம் நுழைந்தோமா? போனக்காட்டில் தேயிலை ஆலை ஓய்ந்து ஆண்டுகள் பல ஆயின. லயங்களில் வாழ்க்கை எளிதன்று. வயிற்றுக்கே வழி தேடும்போது இசை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கூலியும் கூரையும் முதலில் வேண்டும். அதற்கு நாம் சேர்ந்து குரல் கொடுப்போம். ஆயினும் கூலி வரும்வரை கலை காத்திருக்கட்டும் என்றால், அதற்குள் ஒரு தலைமுறை கடந்துபோகும். மலைத்தோட்டத்துப் பிள்ளைகள் தாம் வெறுங்கையர் என்று எண்ணி வளர்வது வறுமையினும் கொடிது.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் நவராத்திரியில் ஒரு மாலையேனும் நம் போனக்காட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்து அம்மண்டபத்து இசையைக் கேட்கச் செய்வோம். போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். தஞ்சை நால்வரின் கதையைத் தமிழில் நாமே சொல்வோம். அவர்களுள் ஒரு குழந்தை வீடு திரும்பும் வழியில் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தால், அதுவே நம் சங்கத்துக்குச் சிறந்த ஆண்டு விழா.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!