ஃபார்மில் ரெண்டே கட்டம்தான்

போன வாரம் ஆபீஸில் ஒரு பழைய டேட்டாபேஸைக் குடைஞ்சுகிட்டு இருந்தேன். ஒரு டேபிளில் 'பெற்றோர் 1', 'பெற்றோர் 2' என்று இரண்டு கட்டம். எழுதின புண்ணியவான் பெரிசா யோசிச்சிருக்க மாட்டார். எல்லாருக்கும் ரெண்டு பேர்தானே! மூணாவது ஒருத்தர் வந்தா டேபிளையே மாத்தணும். இதே சிக்கல் சட்டத்துக்கு வந்தா என்ன ஆகும் என்பதுதான் இன்னைக்கு மேட்டர்.

இடம், கனடாவின் ஒன்டாரியோ. நம்ம ஆட்கள் நிறைய பேர் இருக்கிற டொராண்டோ இருக்கே, அதே மாகாணம். 1990-லிருந்து சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள், 1999-ல் குழந்தை பெத்துக்கலாம்னு முடிவெடுக்கிறாங்க. நண்பர் ஒருவர் உதவுகிறார். 2001-ல் பையன் பிறக்கிறான். நண்பர் உதவி பண்ணிட்டு ஒதுங்கிடலை. அவர் அப்பாவாகவே கூட இருக்கணும்னு மூணு பேருமே விரும்பினாங்க. தீர்ப்பில் யார் பெயரும் கிடையாது: ஏ.ஏ., பி.பி., சி.சி., பையன் டி.டி. நாம வேரியபிளுக்குப் பேர் வைக்கிற மாதிரி.

சட்டப்படி, பெத்தவங்க அம்மா, நண்பர் அப்பா. பிறந்ததிலிருந்து வளர்க்கிற இன்னொரு அம்மா? சட்டத்துக்கு அவங்க யாரோ. "தத்தெடுத்துக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. அங்கதான் பக் இருக்கு. அவங்க தத்தெடுத்தால் நண்பர் அப்பா என்ற தகுதியை இழந்துவிடுவார். ஒருத்தர் உள்ளே வர, இன்னொருத்தர் வெளியே போகணும்.

அன்பு இருந்தா போதாதா, பேப்பர் எதுக்கு? நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். ஆனா தீர்ப்பில் நீதிமன்றம் அடுக்கிய விஷயங்களைப் பாருங்க. பள்ளியில் சேர்ப்பது, மருத்துவ அட்டை வாங்குவது, பாஸ்போர்ட், சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வது, உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைக்குச் சொத்து போவது. எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் தொங்குது: நீங்க பெற்றோரா, இல்லையா? பெத்தவங்க நாளைக்கே இறந்துட்டா, அந்த இன்னொரு அம்மா எந்த உரிமையில் பையனைக் கையில் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க? கார்டியன் உத்தரவு வாங்கலாம், ஆனா அது வாழ்நாள் முழுக்க வர்ற உறவு இல்லை.

இந்தக் கேஸில் மூணு பேருக்குள்ள சண்டையே இல்லை. மூணு பேரும் ஒரே பக்கம் நின்னுதான் கேட்டாங்க. 2003-ல் கீழ் நீதிபதி, எனக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு மனுவைத் தள்ளுபடி செய்தார். 2007 ஜனவரி 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மார்க் ரோசன்பெர்க். அவர் வாதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தச் சட்டத்தின் வேர் 1978-ல் இருக்கு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் சம உரிமை தரத்தான் அதைக் கொண்டுவந்தாங்க. இப்படி ஒரு குடும்பம் வரும்னு அப்போ யாரும் யோசிக்கலை. யோசிக்காம விட்டது வேற, வேண்டாம்னு தடுத்தது வேற. அந்த ஓட்டையை அடைக்க அவர் எடுத்தது 'பேரன்ஸ் பாட்ரியே' என்கிற பழைய அதிகாரம். தன்னைக் காத்துக்க முடியாதவங்களுக்கு நீதிமன்றமே பெற்றோர் இடத்தில் நிற்பது. ஆக, நீதிமன்றம் பெற்றோராக நின்னு பையனுக்கு மூணாவது பெற்றோரைக் கொடுத்தது.

எல்லாக் கதையும் இவ்வளவு சுபமா முடியலை. 2011-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கு. ஒரு அம்மா சிறையில், இன்னொரு அம்மா பலத்த காயத்தோட மருத்துவமனையில், அப்பா வேற மாநிலத்தில். பிள்ளை அரசுப் பராமரிப்புக்குப் போயிடுச்சு. கீழ் நீதிமன்றம் மூணு பேரையும் பெற்றோராக ஏற்க, மேல் நீதிமன்றம், சட்டத்தில் ரெண்டு பேருக்குத்தான் இடம், யார் அந்த ரெண்டு பேர்னு முடிவு பண்ணுங்கன்னு திருப்பி அனுப்பியது. அந்த வழக்குதான் 2013-ல் சட்டத் திருத்தத்துக்குக் காரணம். இப்போ அங்கே, ரெண்டு பேரை மட்டும் ஏற்பது பிள்ளைக்குக் கேடு என்று தெரிந்தால் நீதிமன்றம் மேலும் ஒருவரை ஏற்கலாம்.

பெற்றோர் கூடினா சண்டையும் கூடாதா? கூடும். பிரியும்போது பிள்ளையின் நாட்களை மூணாப் பிரிக்கணும், ஒரு ஆபரேஷனுக்கு மூணு அபிப்பிராயம் வரும். இது சும்மா சொல்ற பயம் இல்லை. ஆனா ரெண்டு பேர் இருக்கிற வீட்டிலும் குடும்ப நீதிமன்றம் காலியா இல்லையே.

ஒன்டாரியோ 2017 ஜனவரி முதல் கட்டங்களைக் கூட்டிடுச்சு. கருத்தரிக்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட்டால் நான்கு பேர் வரை கோர்ட் வாசலை மிதிக்காமலே பெற்றோர் ஆகலாம். நல்ல மாற்றம்தான். ஆனா என் குறை அந்த 'முன்பே'யில் இருக்கு. திட்டம் போட்டு, வக்கீல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் குடும்பம் ஆரம்பிச்சவங்களுக்கு வழி திறந்திருக்கு. பிள்ளைக்கு மூணு வயசாகும்போது வீட்டுக்குள் வந்து, தினமும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற மாற்றாந்தந்தைக்கு, சொந்த அப்பாவை வெளியே அனுப்பாமல் உள்ளே வர அந்த ஒப்பந்தம் உதவாது. அவருக்கு இன்னும் அந்த ஃபார்மில் கட்டம் இல்லை.