சால்வையும் சாசனமும்



கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன் அம்மையாரைப் பாராட்டுவதற்கென்றே கூடியிருக்கும் இச்சபையில் சங்கடமான ஓர் அபிப்பிராயத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். 1989-இல் பத்மஸ்ரீ, 2008-இல் கணவரோடு சேர்ந்து ஸ்வீடனில் பெற்ற வாழ்வுரிமை விருது, 2020-இல் பத்மபூஷண் என்று அவருக்குக் கௌரவத்தில் யாதொரு குறையும் இல்லை. ஆனால், கதர் உடுத்த ஒரு மூதாட்டியைத் தெய்வ ஸ்தானத்தில் உட்கார்த்திக் கற்பூரம் காட்டிவிட்டால், அவர் ஆயுள் முழுவதும் கேட்டுவந்த கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தீர்ந்துபோகும் என்று நம்மில் பலர் கருதுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி சிறியதுதான்: நிலத்தில் பாடுபடுகிறவள் பெயரில் நிலம் ஏன் இல்லை?

1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட குற்றத்திற்காக, ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தீக்கு இரையாக்கப்பட்டார்கள். அச்செய்தியைப் படித்துப் பெருமூச்சு விட்டவர்கள் அநேகர். திண்டுக்கல் சீமையில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து, காந்தியத் தொண்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் பட்டப்படிப்பு முடித்து, வினோபாவின் பூதான யாத்திரையில் ஊர் ஊராக நடந்தவராகிய இவரோ, கணவரோடு அந்தக் கீழத் தஞ்சைக்கே குடிபெயர்ந்தார். அக்கொலைகளுக்காகக் கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதாரர்களை, கார் வைத்திருக்கும் இத்தனை பெரிய மனிதர்கள் நேரில் நடந்து வந்து தீ வைப்பார்களா என்று ஐயுற்று, 1973-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. (கார் வைத்திருப்பதும் ஒரு சாட்சியம் போலும்!)

'நிலத்தை வைத்துக்கொண்டு ஆட்டிப்படைத்தவனுக்கே பணம் கொடுத்து நிலம் வாங்குவதா?' என்று, மிராசுதாரரிடமே நிலத்தை விலைக்கு வாங்கி ஏழைகளுக்குத் தந்த அம்மையாரைப் புரட்சிகர நண்பர்கள் அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே; ஆயினும் அதைக் கேட்கவேண்டிய வாசல் அம்மையாருடையதன்று. 1961-இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-இல் 15 என்று உச்சவரம்பு விதித்த சர்க்கார், பினாமிப் பெயர்களிலும் தர்ம டிரஸ்டுகளிலும் நிலம் ஒளிந்துகொண்டதைப் பார்த்தும் பாராமல் இருந்தது. அந்நிலையில்தான் இவர், 1981-இல் 'லாப்டி' என்னும் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, மிராசுதாரரை விற்கச் சம்மதிக்கச் செய்து, பாங்கியைக் கடன் கொடுக்க இணங்கச் செய்து, குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தார். பத்திரம் பெண்ணின் பெயரில்தான். கணவன் குடித்தாலும் கடன்பட்டாலும் அவள் கைநாட்டு இல்லாமல் அந்த ஏக்கர் கைமாறாது. நேற்றுவரை மிராசுதாரர் களத்தில் தலைகவிழ்ந்து நின்றவள், சார்பதிவாளர் அலுவலகத்துத் திண்ணையில் தன் பெயரைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்து, மையிட்ட கட்டைவிரலை ஏட்டில் அழுத்தி ஊன்றுகிறாளே, அதனினும் மேலான பிரஜாவுரிமைப் பிரகடனத்தை நான் அறியேன்.

பிறகு இறால் வந்தது. கடலோர வயல்களை வெட்டி உப்புநீர் தேக்கிய பண்ணைகளால் கிணற்றுநீர் கரித்தது. நடவும் அறுப்பும் போய், கூலியும் போயிற்று. அம்மையார் பெண்களைத் திரட்டிச் சத்தியாக்கிரகம் செய்தார். கணவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள பண்ணைகளை இடிக்குமாறு 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முறைப்படுத்துகிறோம் என்று சொல்லிப் பார்லிமெண்டு 2005-இல் இயற்றிய சட்டமோ அதே பண்ணைகளுக்குப் புறவாசலைத் திறந்துவிட்டது. பத்மபூஷண் அளித்ததும் அந்த டில்லிதான்!

ஆகையால், அவைத் தலைவர் அவர்கள் வாசிக்கவிருக்கும் வாழ்த்துத் தீர்மானத்திற்கு ஒரு திருத்தம் பிரேரேபிக்கிறேன். 'நீடூழி வாழ்க' என்னும் வரிக்கு முன்னால், பினாமியாகவும் டிரஸ்டின் பெயராலும் பதுங்கிக் கிடக்கும் நிலங்களின் கணக்கைச் சர்க்கார் தாலுகா வாரியாக வெளியிட வேண்டும் என்றும், அவற்றில் உழைக்கும் பெண்களின் பெயரிலேயே பட்டா வழங்க வேண்டும் என்றும் இரண்டு வரி சேருங்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் இங்கேயே எழுந்து, பெயரைச் சொல்லிவிட்டுப் பேசலாம்.