ஞாயிறன்று ஒரு தீவு



மும்பையில் வாழ்ந்தும் நம்மில் பலர் கடலை அறியோம். அறிந்ததெல்லாம் ரயில் நெரிசலே. ஆதலின், ரயில்வே எழுத்தர்களாகிய நாங்கள் சிலர், ஞாயிறுதோறும் இல்லாவிடினும் இயன்றபோதெல்லாம் குடும்பத்துடன் எலிபண்டா சென்று வருகிறோம்.

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். விசைப்படகில் ஒரு மணி நேரம். தீவின் பழம்பெயர் கராபுரி. அங்கிருந்த கல்யானையைக் கண்டே போர்ச்சுகீசியர் எலிபண்டா என்றனர். அந்த யானை இன்று பைக்குலாவில் நிற்கிறது. குன்றைக் குடைந்த குகையில் ஏறக்குறைய 20 அடி உயர மும்முகச் சிவன்முன் நம் கைகள் தாமே குவிகின்றன. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இத்தீவின் ஊர்களுக்கு, கடலடிக் கம்பி வழியே மின்சாரம் வந்தது 2018இல்தான். இதையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

2024 டிசம்பர் 18ஆம் நாள், எலிபண்டா சென்ற படகொன்று, கடற்படைப் படகு மோதிக் கவிழ்ந்தது. பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனால் நாங்கள் கடலைத் துறந்தோமல்லோம். லைப் ஜாக்கெட் அணியாத எவரையும் எங்களுடன் படகில் அமரவிடுவதில்லை. கூட்டம் மிகுந்தால் அடுத்த படகுக்குக் காத்திருக்கிறோம்.

நீங்களும் வாருங்கள், குழந்தைகளை அழைத்து வாருங்கள். குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறவாதீர்கள்!