வேதம் ஆனது எப்படி?

(கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் பேசியது)



தேவாரம் கடவுள் அருளால் வந்தது, ஆதலால் அதைப்பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறார்கள். அதைப் பாடிய மூவரில் சுந்தரர் இந்த ஜில்லாவிலுள்ள திருநாவலூரில் பிறந்தவர். ஆகவே அது நம் கைக்கு வந்த சங்கதியை விசாரிக்க மற்றெவரையும்விட உங்களுக்குப் பாத்தியதை உண்டு.

திருமுறைகண்ட புராணம் என்ன சொல்லுகிறது? இராஜராஜன் காலத்தில் தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தனவாம். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம். அரசன் மூவர் விக்கிரகங்களையும் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தானாம். உள்ளே ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது. உடனே, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் மீதி வைத்தோம் என்று ஓர் அசரீரி கேட்டதாம்!

கரையானின் பசியைக் கடவுளின் சித்தமாக்க ஓர் அசரீரி வேண்டியிருந்தது. ஆனால், எந்த ஏட்டிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று திருவிடைவாயில் கோயில் கல்வெட்டில் 20-ஆம் நூற்றாண்டில் அகப்பட்டதே, அது இக்காலத்துக்கு வேண்டாததா? வேண்டாததென்றால் இன்று அதையும் தேவாரத்தோடு சேர்த்து அச்சிடுவானேன்?

மேலும், திருமுறைகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி என்கிறார்கள். அவருடைய பாட்டுகளே 11-ஆம் திருமுறையில் இருக்கின்றன. பின்னர் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் செய்த பெரியபுராணம் 12-ஆம் திருமுறையாயிற்று. மனிதர் கை படப்பட ஜாபிதா நீண்டதேயன்றி வேறென்ன?

நமக்குச் சைவத்தின் மேல் மாத்திரம் கோபம் என்று யாரும் எண்ண வேண்டாம். கிறிஸ்தவ வேதமும் இப்படித்தான் வந்தது. இயேசு தம் கையால் எழுதிவைத்த நூல் ஒன்றுமில்லை. இப்போதுள்ள நான்கு சுவிசேஷங்களைத் தவிர, தோமா பேராலும் பேதுரு பேராலும் சுவிசேஷங்கள் வழங்கின. சுமார் 180-இல் ஐரேனியஸ் என்ற பிஷப், திசை நான்கு, காற்று நான்கு, ஆகவே சுவிசேஷமும் நான்கே என்று வாதித்தார். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புஸ்தகங்களும் கூடாமல் குறையாமல் முதன்முதலில் காணப்படுவது அதனாசியஸ் என்ற பிஷப் 367-இல் எழுதிய கடிதத்தில்தான்.

325-இல் நைசீயா மகாநாட்டில் ஓட்டெடுத்துச் சுவிசேஷங்களைத் தேர்ந்தார்கள் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. பொய்யைப் பொய்யால் எதிர்ப்பது பகுத்தறிவாகாது. சபைகள் படித்தும், பிஷப்புகள் சண்டையிட்டும், கொஞ்சங் கொஞ்சமாகப் பொறுக்கினார்கள் என்ற மெய்யே நமக்குப் போதும்.

கல்வராயன் மலைமேல் இருக்கும் ஜனங்களுக்கும் தங்கள் பாட்டும் கதையும் உண்டு. அவற்றுக்காக எந்த அரசனும் கதவைத் திறக்கவில்லை. எந்த பிஷப்பும் ஜாபிதா எழுதவில்லை. ஆகையால் அவை வேதமாகவில்லை. வேதமாக்குவது அதிகாரமேயன்றிப் பாட்டின் குணமல்ல.

ஆகவே தோழர்களே, தேவாரத்தைத் தமிழுக்காகப் படியுங்கள். சுவிசேஷத்தில் ஏழைக்கு இரங்கும் சொல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெண்ணை அடக்கு, மனிதனைத் தீண்டாதே என்று எந்தப் புஸ்தகம் சொன்னாலும், வேதம் என்ற பேருக்குப் பயந்து தலை குனியாதீர்கள். மனிதர் பொறுக்கிச் சேர்த்ததை மனிதர் பொறுக்கித் தள்ளவும் செய்யலாம்.