கடைசி வார்த்தை யாருடையது? கீகனும் நியூகாசிலும் ஒரு யூடியூப் வீடியோவும்

போன எபிசோடு கேட்டுவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு டீம் தொடர்ந்து தோற்றால் மேனேஜரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அந்த ஆட்டக்காரர்களை வாங்கினது அவர் இல்லையே? வாங்கினது யாரோ, பழி ஏன் இவர் தலையில்? நியாயமான கேள்வி. இதைப் பொதுவாகப் பேசினால் காற்றில் கத்தி வீசுற மாதிரி ஆகிவிடும். அதனால ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். தீர்ப்பு வரைக்கும் போன கதை.

2008 ஜனவரி. நியூகாசில் யுனைடெட் கெவின் கீகனை மறுபடியும் மேனேஜராகக் கொண்டுவந்தது. அந்த ஊரில் கீகன் யார் என்று தெரிந்தால்தான் இது புரியும். எண்பதுகளில் அங்கே ஆடியவர். 1992ல் மேனேஜராக வந்து, இரண்டாம் டிவிஷனில் தத்தளித்துக் கொண்டிருந்த கிளப்பை பிரீமியர் லீகுக்கு ஏற்றி, 1996ல் பட்டத்தை நூலிழையில் தவறவிட்டவர். மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். கிளப்பை அப்போது புதிதாக வாங்கியிருந்த மைக் ஆஷ்லிக்கும் அந்தக் கொண்டாட்டம் தேவைப்பட்டது.

கீகன் வந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. டென்னிஸ் வைஸை கால்பந்துப் பிரிவுக்கு எக்ஸிக்யூட்டிவ் டைரக்டராக நியமித்தார்கள். ஆட்டக்காரர்களைத் தேடுவது, வாங்குவது எல்லாம் அவர் பக்கம். சரி, ஒரு கிளப்பில் இப்படி இரண்டு பேர் இருப்பது தப்பே இல்லை. ஐரோப்பாவில் பாதி கிளப்புகள் அப்படித்தான் நடக்கின்றன. பிரச்சினை என்னவென்றால், இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் யார் பேச்சு செல்லும் என்பதை யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி. டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடப்போகிறது. இக்னாசியோ கொன்சாலெஸ் என்ற உருகுவே ஆட்டக்காரரை வாலென்சியாவிலிருந்து லோனில் எடுக்கலாம் என்று கீகனிடம் வந்தார்கள். கீகன் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. வைஸ் சொன்னார், யூடியூப்ல பாருங்க. கீகனும் போய்ப் பார்த்தார். மங்கலான சில கிளிப்புகள். இதை வைத்து பிரீமியர் லீகுக்கு ஒரு ஆளை எப்படி எடுப்பது? வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். அவர் சொல்லியும் எடுத்தார்கள். நம்ம ஊர்ல சம்பந்தம் பேசி முடிச்சு, மண்டபமும் பிடிச்சப்புறம் பொண்ணுகிட்ட மாப்பிள்ளை போட்டோவைக் காட்டுவாங்களே, அதே கதைதான்.

ஏன் எடுத்தார்கள் என்பதுதான் இதில் மோசமான பகுதி. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இரண்டு செல்வாக்குள்ள ஏஜென்ட்டுகளுக்கு ஒரு உதவி. இன்றைக்கு நாம் இதைச் செய்தால் நாளைக்கு நல்ல ஆட்டக்காரர்களை நம்மிடம் கொண்டுவருவார்கள் என்ற கணக்கு. கிளப்பில் ஒருவர்கூட அந்தப் பையன் ஆடி நேரில் பார்த்ததில்லை. ஒரு சீசன் சம்பளம் மட்டும் 10 லட்சம் பவுண்டை நெருங்கியது. கொன்சாலெஸ் மேல எனக்கு எந்தக் குறையும் இல்லை, பாவம். நியூகாசிலுக்காக மொத்தம் இரண்டு முறை சப்ஸ்டிட்யூட்டாக இறங்கினார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 4ம் தேதி கீகன் ராஜினாமா செய்தார். விஷயம் பிரீமியர் லீகின் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2009 அக்டோபரில் தீர்ப்பு கீகன் பக்கம் வந்தது. அவர் தானாகப் போகவில்லை, போகும்படி செய்யப்பட்டார் என்று சொன்னார்கள். பிரீமியர் லீக் மேனேஜர் என்றால் வழக்கமாக என்னென்ன பொறுப்பு உண்டோ அதெல்லாம் அவருக்கு உண்டு என்பதுதான் ஒப்பந்தம். அந்தப் பொறுப்பில் யாரை எடுப்பது என்ற கடைசி வார்த்தையும் சேரும் என்பது மன்றத்தின் முடிவு.

இந்தத் தீர்ப்பில் என்னை உறுத்துகிற இடம் வேறொன்று. கீகன் சம்மதம் இல்லாமல் யாரையும் எடுக்க மாட்டோம் என்று கிளப் அதுவரை பத்திரிகைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தது. மன்றத்தில் நிற்கும்போது, அதெல்லாம் உண்மை இல்லை, வெளியுலகுக்காகச் சொன்னது என்று அதே கிளப் வாதாடியது. யோசிச்சுப் பாருங்க. அந்த ஆள் தப்பாக வந்திருந்தால் ரசிகர்கள் யாரைத் திட்டியிருப்பார்கள்? கீகனைத்தான். அதிகாரம் போர்டு கையில், பெயர் மட்டும் மேனேஜருடையது.

கீகன் கேட்டது சுமார் 2.5 கோடி பவுண்டு. கிடைத்தது 20 லட்சமும் வட்டியும். ஒப்பந்தத்திலேயே அதுதான் உச்சவரம்பு. நியூகாசில் அந்த சீசன் முடிவில், 2009 மே மாதம், பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. கீகன் அதற்குப் பிறகு எந்த கிளப்புக்கும் மேனேஜராகவில்லை.

அப்போ எல்லா அதிகாரத்தையும் மேனேஜருக்கே கொடுத்துவிடலாமா? இங்கேதான் நான் கொஞ்சம் தயங்குவேன். பிரையன் கிளஃப் டெர்பி கவுண்டியை இரண்டாம் டிவிஷனிலிருந்து தூக்கி 1972ல் லீக் சாம்பியன் ஆக்கினார். மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் போர்டு என்று ஒன்று இருப்பதையே அவர் மதிக்கவில்லை. சேர்மன் சாம் லாங்சனோடு மோதல் முற்றி 1973 அக்டோபரில் ராஜினாமா. ஊரே கொதித்தது, ஆட்டக்காரர்கள் கலகம் செய்தார்கள். போர்டு அசையவில்லை. டேவ் மக்காயைக் கொண்டுவந்தார்கள். 1975ல் டெர்பி மறுபடியும் சாம்பியன்! கிளஃப் ரசிகர்கள் இந்த வரியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மான்செஸ்டர் யுனைடெட்டைப் பாருங்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் 26 வருஷத்துக்கும் மேல் இருந்து 13 லீக் பட்டம் ஜெயித்தார். 2013ல் அவரும் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் ஒன்றாகப் போனார்கள். எல்லா முடிவும் ஒருவர் தலைக்குள் இருந்தால் அவர் கிளம்பும்போது தலையும் கூடவே கிளம்பிவிடும். அடுத்து வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள், பத்து மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கம் பிரைட்டன். 2022 செப்டம்பரில், சீசன் நடுவே, கிரஹாம் பாட்டரை செல்சீ தூக்கிக்கொண்டு போனது. டி ஸெர்பி வந்தார். அந்த சீசனில் ஆறாம் இடம், கிளப் வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி. யாரைத் தேடுவது, எப்போது விற்பது என்பதெல்லாம் கிளப்பின் வேலை என்று அங்கே வருகிற கோச்சுக்கு வாசலிலேயே தெரியும். பிடித்தால் வரலாம்.

அதனால என் நிலைப்பாடு இதுதான். ஆளைத் தேடுவது, விலை பேசுவது, ஐந்து வருஷத் திட்டம் போடுவது எல்லாம் கிளப்பிடமே இருக்கட்டும். மேனேஜர்கள் சராசரியாக எவ்வளவு நாள் தாங்குகிறார்கள் என்று நமக்கே தெரியும், அவரை நம்பி ஐந்து வருஷக் கடன் வாங்க முடியாது. ஆனால் "இந்த ஆள் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை மட்டும் மேனேஜருக்குக் கட்டாயம் வேண்டும். தினமும் காலையில் அந்த டிரஸ்ஸிங் ரூமுக்குள் போகிறவர் அவர்தான், வைஸ் இல்லை. அந்த உரிமையும் கொடுக்க மாட்டோம் என்றால் சரி, பேப்பரில் எழுதுங்கள், ரசிகர்களிடமும் சொல்லுங்கள். பதவிப் பெயரையும் மாற்றுங்கள். ஆர்செனல் 2019ல் ஆர்டெட்டாவை எடுத்தபோது ஹெட் கோச் என்றுதான் எடுத்தது. 2020 செப்டம்பரில் பொறுப்பு கூடியதும் மேனேஜர் என்று பெயரை மாற்றியது. சின்ன விஷயம்தான். ஆனால் ஆர்செனல் தோற்றால் எதற்கு அவரைத் திட்டலாம், எதற்குத் திட்டக்கூடாது என்று எனக்கு ஓரளவு தெரியும். 2008ல் நியூகாசில் ரசிகருக்கு அது தெரியாது.

ஃபெர்குசனையும் கில்லையும் பற்றி ஒரு நிமிடத்தில் ஓடிவிட்டேன், கோபப்படாதீர்கள். 2013ல் அந்த கிளப்புக்குள் என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் தனியாகவே பேசலாம்.